மறுபடியும் லீஸ்திராவுக்கு

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பா மகன், நான் கொடுத்த சுவிசேஷக் கைப்பிரதியை வாசிக்காமலேயே நான்காக மடித்து, மடிப்பு மடிப்பாகக் கிழித்து, அந்தத் துண்டுகளை என் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. பழைய ரசீதைக் கிழிப்பவரின் நிதானம்தான் இருந்தது. "தம்பி, நமக்குள் பேச்சுவார்த்தை இருக்க வேண்டுமானால் இந்தப் பேச்சு மட்டும் வேண்டாம்" என்றார். அன்றிரவு துண்டுகளை மேசைமேல் பரப்பிப் பொருத்திப் பார்த்தேன். நான் பேனாவால் அடிக்கோடிட்டுக் கொடுத்திருந்த வரிகள் அத்தனையும் பாவத்தையும் தண்டனையையும் பற்றியவை. தேவனுடைய அன்பைச் சொல்லும் வரிகளும் அதே தாளில் இருந்தன. அவற்றின் கீழ் ஒரு கோடும் இல்லை.

ஆகவே, சுவிசேஷம் சொல்வதற்கு வரும் எதிர்ப்பைப் பற்றி எழுதும்போது, அந்த எதிர்ப்பில் ஒரு பகுதி நாமே சம்பாதித்துக்கொண்டது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிறிஸ்துவுக்காகப் பாடுபடுவதும் நம் நாவுக்காகப் பாடுபடுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். உபத்திரவம் என்ற சொல்லை நாம் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்துகிறோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் பதினான்காம் அதிகாரத்தில், அந்தியோகியாவிலிருந்தும் இக்கோனியாவிலிருந்தும் வந்த யூதர்கள் லீஸ்திரா பட்டணத்து ஜனங்களைத் தூண்டிவிட, அப்போஸ்தலரான பவுலைக் கல்லெறிந்து, இறந்துவிட்டாரென்று எண்ணி ஊருக்கு வெளியே இழுத்துப் போட்ட நிகழ்ச்சி வருகிறது. சற்று முன்புதான் அதே ஜனங்கள் அவரையும் அவருடைய உடன் ஊழியரான பர்னபாவையும் தேவர்களென்று கொண்டாடிப் பலியிட வந்திருந்தார்கள். இதை வைத்து நான் கேட்ட பிரசங்கங்கள் ஏராளம். ஆனால் இரண்டு வசனங்கள் தள்ளி வரும் செய்தியில் யாரும் அதிக நேரம் நின்று நான் பார்த்ததில்லை. மறுநாள் தெர்பைக்குப் புறப்பட்டுப்போன பவுல், அங்கிருந்து கிழக்கே நடந்திருந்தால் தம் சொந்த ஊரான தர்சுவுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். அப்படிப் போகாமல், வந்த வழியே லீஸ்திராவுக்கும் இக்கோனியாவுக்கும் அந்தியோகியாவுக்கும் திரும்பினார். கல்லெறிந்தவர்களோடு வாதிட்டு வெல்வதற்காக அவர் போனதாக வேதம் சொல்லவில்லை. அங்கிருந்த சீஷர்களின் மனதைத் திடப்படுத்தப் போனார் என்றே சொல்கிறது. பிற்பாடு அந்தப் பட்டணத்தில்தான் அவர் தீமோத்தேயு என்ற சீஷனைத் தம்மோடு சேர்த்துக்கொள்கிறார்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பிசீதியாவிலுள்ள அந்த அந்தியோகியாவில் பவுலும் பர்னபாவும் துரத்தப்பட்டபோது, கால்களின் தூசியை உதறிவிட்டுப் போனார்கள் என்று முந்தின அதிகாரம் சொல்கிறது. நம்மில் பலர், மறுத்தவர்களை இனி ஏறெடுத்தும் பார்க்க வேண்டியதில்லை என்பதற்கு இந்தத் தூசியைத்தான் அனுமதிச் சீட்டாகக் காட்டுகிறோம். (என் அண்ணன் விஷயத்தில் நானும் மூன்று ஆண்டுகள் அந்தச் சீட்டை வைத்திருந்தேன்.) தூசியை உதறிய அதே ஊருக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள் என்பதை வாசித்த நாளில், என் மௌனத்துக்குப் பெயர் பொறுமை அல்ல, மனஸ்தாபம் என்று விளங்கியது.

எதிர்ப்பு எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்பதும் இல்லை. டென்மார்க் அரசர் அனுப்பி 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க், 1708 இறுதியில் சிறையில் அடைக்கப்பட்டார். அடைத்தவர் டென்மார்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக அங்கே கோட்டையை ஆண்ட டேனிஷ்காரர், அவரும் ஒரு கிறிஸ்தவர்தான். நான்கு மாதங்கள் கழித்து வெளியே வந்த சீகன்பால்க், ஏற்கெனவே தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711இல் முடித்தார். 1715இல் அது முழுமையாக அச்சேறியது. பர்மாவுக்குப் போன அமெரிக்க மிஷனரி ஜட்சனோ 1813இல் கரையிறங்கி, முதல் ஞானஸ்நானத்தைக் காண 1819 வரை காத்திருந்தார். அந்த ஆறு ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் செய்தது அந்த மக்களின் மொழியைக் கற்றதுதான். நான் விடாமுயற்சி என்று நினைத்திருந்தது அதே வார்த்தைகளை இன்னும் உரக்கச் சொல்வதை.

அண்ணன் மறுத்தது அவருடைய உரிமை என்பதையும் நான் தாமதமாகவே ஏற்றுக்கொண்டேன். நான் விசுவாசிக்கவும் அதைச் சொல்லவும் எனக்குள்ள சுதந்திரம் எவ்வளவு மெய்யானதோ, கேட்க மாட்டேன் என்று அவர் சொல்லும் சுதந்திரமும் அவ்வளவு மெய்யானது. அதன்பின் அவர் வீட்டுக்குப் போகும்போது கைப்பிரதி எதையும் எடுத்துச் செல்லவில்லை. என் விசுவாசத்தை மறைக்கவும் இல்லை. கேட்டால் சொன்னேன், கேட்காவிட்டால் அவருக்காக ஜெபித்தேன். பெரியம்மா படுக்கையில் விழுந்த மாதங்களில் இரவுக் காவலுக்கு முறை வைத்துக்கொண்டோம். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி இருக்கும். கட்டிலுக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "என்ன, ஜெபம் பண்ணுகிறாயா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "பண்ணு. அம்மா தூங்குகிறாள், சத்தம் மட்டும் வேண்டாம்" என்றார்.

அவர் இன்றுவரை விசுவாசியாகவில்லை. ஆனால் பெரியம்மா போன பிறகு கேள்விகள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்; அவற்றுள் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை, இல்லையென்றே சொல்லிவிடுகிறேன். வேதத்தில், தன் துன்பத்துக்குக் காரணம் கேட்கும் யோபுவின் கதையை எங்கிருந்தோ எடுத்து வாசித்துவிட்டு, போன வாரம் தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்த மனிதர் அத்தனை கேள்வி கேட்கிறார், உன் கடவுள் ஒன்றுக்காவது நேராகப் பதில் சொன்னாரா?" என்றார். கடவுள் யோபுவோடு பேசும் கடைசி ஐந்து அதிகாரங்களைச் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கலாமா என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சே இல்லை. "சபைக்கெல்லாம் வரமாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்கு வருகிறேன். ஆனால் அடிக்கோடு போட்டு வைக்காதே" என்றார்.