மாடி வீட்டுக்காரர் இன்னும் கேட்கவில்லை

ஏப்ரல் 22, 2020
ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் நேற்றுச் சொன்ன கணக்கு மண்டைக்குள் சுற்றுகிறது. கடும் பசியில் தவிப்பவர்கள் 2019-இல் 13.5 கோடி, இந்த வருடம் முடிவதற்குள் 26.5 கோடி ஆகலாமாம். இந்தக் கொரோனா ஊரடங்கில் நாங்கள் மளிகைப் பை கொடுக்கிற வீடுகளின் பட்டியல் ஒரு நோட்டில் அடங்கிவிடும். அதில் மாடி வீட்டுக்காரர் பெயர் இல்லை.

ஏப்ரல் 23
அடுப்பெரிக்க வழியில்லாதவருக்கு மளிகைப் பை கொடுத்து என்ன செய்ய? நாளையிலிருந்து அவர்களுக்குச் சமைத்தே கொடுக்கிறோம்.

ஏப்ரல் 29
நன்கொடை தருகிறவருக்குப் படம் வேண்டுமாம். வாங்குகிறவர் முகம் தெரிய, பையைப் பிடித்தபடி. வரிசையில் நிற்கவே கூசி எத்தனையோ பேர் வராமல் இருக்கிறார்கள். போன மாதம்வரை நாலு பேருக்குக் கொடுத்த கைகள் அவை. கேமரா வேறா? அப்படி வரும் மூட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்க அந்த மூட்டை நினைப்புதான். எத்தனை வீட்டுக்கு வந்திருக்கும்!

மே 3
மாடியில் விளக்கு எரிகிறது. சரி.

மே 11
பள்ளிகள் மூடியதில் உலகம் முழுக்கச் சுமார் 37 கோடிப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாப்பாடு போயிற்று. பலருக்கு அன்றைக்கு உருப்படியான சாப்பாடே அதுதான். நாங்களோ எல்லா வீட்டுக்கும் ஒரே பை கட்டுகிறோம். கைக்குழந்தைக்குப் பால்மாவு? சர்க்கரை நோயாளிக்கு? பல்லில்லாத கிழவருக்கு? நோட்டில் தலைகளை எண்ணியிருக்கிறோம், வயிறுகளைக் கேட்கவில்லை.

மே 20
சமைப்பவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். அடுப்பை அணைத்துவிட்டு எல்லோருக்கும் போன் செய்தேன். பாதிப் பேர் பதில் பேசாமலே வைத்துவிட்டார்கள்.

ஜூன் 8
மாடி வீட்டுக்காரர் வந்தார்! "காய் நறுக்க ஆள் வேணுமா?" என்றார். வேண்டும் என்றேன், ஆள் மிச்சமாகவே இருந்தும். வேலை முடிந்ததும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். வீட்டுக்குக் கட்டித் தரட்டுமா என்று கேட்க நாக்கு எழவில்லை.

ஜூன் 19
"அதான் கடையெல்லாம் திறந்தாச்சே, இன்னுமா?" என்கிறார்கள். திறந்த அன்றே சம்பளம் வருமா? வந்தாலும் வாடகை பாக்கிக்கும் கடனுக்கும் போன பிறகுதானே சோறு. பணம் தருகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், பட்டியல் குறையவில்லை.

அக்டோபர் 9
உலக உணவுத் திட்டத்துக்கு அமைதி நோபல். பாத்திரம் கழுவிக்கொண்டே கைதட்டினோம். எண்ணெய் நாளைக்குத்தான் வரும்.

அக்டோபர் 10
எண்ணெய் வரவில்லை. மாடி வீட்டுக்காரர் யாரிடமோ கேட்டுப் பார்க்கிறேன் என்று போயிருக்கிறார்.