தடைக்காலத்துல ஒரு சோளப்பாடு

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், மொத்தம் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம். மீனுக்கு நல்லது, கடலுக்கு நல்லது. வீட்டுக்கு நல்லதான்னு மட்டும் இதுவரைக்கும் எந்த அதிகாரியும் எங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட வந்து கேட்டதில்ல.

முதல் வாரம் மாப்பிள்ளை மரியாதைதான். ரெண்டாவது வாரம் "கொஞ்சம் காலைத் தூக்குங்க, கூட்டணும்". நாலாவது வாரத்துல விளக்குமாறு வரும், வார்த்தை வராது. நாமளா காலைத் தூக்கிக்கணும். எங்க வீட்டு அம்மா, அதான் என் பொண்டாட்டி, காலண்டர்ல ஒவ்வொரு நாளா பேனாவால அடிச்சுக்கிட்டே வர்றா. நான் கடலுக்குப் போற நாளை எண்ணுறாளா, வீட்டை விட்டுப் போற நாளை எண்ணுறாளான்னு கேட்டேன். ரெண்டும் ஒரே தேதிதானேன்னா.

இது நடந்தது 38ஆவது நாள். பாம்பன் தெற்குவாடியில எங்க படகு கரையில ஏறி நின்னு, பழைய பெயிண்டைச் சுரண்டி முடிச்சாச்சு. புதுப் பெயிண்ட் வாங்க முதலாளி ராமநாதபுரம் போயிருந்தார். ஆக, கையில வேலை இல்லாம நான் வீட்டுத் திண்ணையில இருந்தேன். அதான் தப்பு.

மக பத்தாவது முடிச்சிட்டு லீவுல இருக்கா. போன மாசம் மதுரையில ஒரு சொந்தக்காரங்க கல்யாணத்துல வெள்ளையா, குழைவா, வெண்ணெய் வாசத்தோட சோளத்துல 'க்ரீம்டு கார்ன்'னு ஒரு சைட் டிஷ் வச்சாங்களாம். அதே நினைப்பா இருந்திருக்கா. போனைத் தூக்கிக்கிட்டு வந்து, "அப்பா, பத்தே நிமிஷம்தான்பா, அடுப்புலயே பண்ணிடலாம்"னா.

அவ அம்மா உள்ள இருந்து, "பத்து நிமிஷம்னா உங்க அப்பாவையே பண்ணச் சொல்லு"ன்னா.

சவாலா எடுத்துக்கிட்டேன். படகுல குழம்பு வைக்கிறது நான்தான். அலையில சட்டி சரியாம ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, மறு கையால முண்டு மிளகாயை நசுக்கிப் போட்டு, அஞ்சு பேருக்கு மீன் குழம்பு இறக்குன ஆளு நான். ஆடாத தரையில, அசையாத அடுப்புல, பால்ல சோளத்தை வேக வைக்கிறது ஒரு வேலையா?

சாமான் பட்டியல் சின்னதுதான். கருது நாலு, வெண்ணெய் ரெண்டு கரண்டி, மைதா ஒரு கரண்டி, பால் ஒரு டம்ளர், கால் டம்ளர் க்ரீம், உப்பு, மிளகு, ஒரு சிட்டிகை சீனி. வெண்ணெய்யை உருக்கி, மைதாவைப் போட்டு, நிறம் மாறாம பச்சை வாசம் மட்டும் போற வரைக்கும் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கிண்டணும். கெட்டியானதும் சோளம். அவ்வளவுதான்.

கருது வாங்க நான் ரொம்ப தூரம் போகல. ரோட்டுப் பாலத்துல வண்டியை நிறுத்தி டூரிஸ்ட்டுங்க கடலைப் பாப்பாங்கள்ல, அங்க கரி அடுப்புல கருது சுட்டு விக்கிற தம்பிகிட்ட சுடாத கருது நாலு கேட்டேன். "ஸ்வீட் கார்ன்தானப்பா?"ன்னேன். "எல்லாம் ஸ்வீட்டுதாண்ணே"ன்னான். ஒரு மீன் வியாபாரிகிட்ட "ஃபிரெஷ்ஷா?"ன்னு கேட்டா என்ன பதில் வரும்னு தெரிஞ்ச நானே அந்தப் பதிலை நம்பினேன்.

வீட்டுக்கு வந்து மணியை உதிர்த்து, பின்பக்கத்து போர்த் தண்ணியைப் பிடிச்சு, அடுப்புல ஏத்தினேன். மணி 11.

11.15. மணி ஒண்ணு எடுத்துக் கடிச்சேன். வலைக்குக் கட்டுற ஈயமணி.

11.30. அதே ஈயமணி, இப்ப சூடா.

11.45. தண்ணி வத்திக்கிட்டே போகுது, சோளம் மட்டும் கொள்கையை விடல. அந்த நேரத்துல வெளிய ஒரே சத்தம். ஏதோ ஒரு இழுவைக் கப்பல் கடக்குறதுக்காகப் புது ரயில் பாலத்தைத் தூக்குறாங்கன்னு புள்ளைங்க ஓடுச்சுங்க. 72 மீட்டருக்கு மேல நீளமான இரும்புத் துண்டு, 17 மீட்டர் உசரத்துக்கு மேல போயி, கப்பலை விட்டுட்டு, திரும்பக் கீழ இறங்கி உக்காந்துருச்சு. நானும் போய்ப் பாத்துட்டு வந்தேன். வந்து ஒரு மணியைக் கடிச்சேன். பாலம் இறங்கிருச்சு, சோளம் இறங்கல.

"வேகாட்டி என்ன, பால்ல போய் வெந்துக்கும்"னு ஒரு முடிவு எடுத்தேன். கடல்ல இந்த மாதிரி முடிவெடுத்தவன் எல்லாம் கரைக்கு வர லேட் ஆகியிருக்கு.

வெண்ணெய் உருகி நுரைச்சுது. வாசம் வந்ததும் என்னைப் பெத்த அம்மா கூட எட்டிப் பாத்தாங்க. மைதா பாக்கெட்டைப் பிரிச்சேன். எங்க வீட்டு அடுப்படி ஜன்னல் கச்சான் காத்துக்கு நேரா இருக்கு, மே மாசத்துக் கச்சான். பாக்கெட் வாயைத் திறந்ததுதான் தெரியும். கரண்டியில கொஞ்சம் விழுந்துச்சு, மீதி என் மூஞ்சியில, மீசையில, மிக்ஸி மேல, மாமனார் படத்து மேல. மக உடனே போட்டோ எடுத்தா. நெத்தியில ஒரு கோடு இழுத்தா திருநீறுக் கணக்குல சேந்துரும்னு அவ அம்மா சொன்னா.

ஆனா மாவு நல்லாவே வறுபட்டுச்சு. பாலை ஊத்தினேன், கிண்டினேன், கட்டி விழல, மெழுகாட்டம் வந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், அந்த ஒரு நிமிஷம் அந்தச் சட்டியில இருந்தது மதுரைக் கல்யாணம்தான். "கெட்டியா இருந்தா சோளம் வெந்த தண்ணியில ஒரு கரண்டி ஊத்தவும்"னு மக படிச்சா. ஊத்தினேன்.

முதல்ல ஓரத்துல ஒரு சின்ன முத்து மாதிரி தெரிஞ்சுது. அப்புறம் நடுவுல. வெள்ளை தனியா, தண்ணி தனியாப் பிரிஞ்சு, மஞ்சளா ஒரு நீர் அடியில ஓடுது, மேல பஞ்சு பஞ்சா மிதக்குது. கிண்டக் கிண்ட இன்னும் பிரியுது. நல்லா இருந்த கூட்டுக் குடும்பம், ஒரே கரண்டியில பாகப் பிரிவினை.

அம்மா வந்து சட்டிக்குள்ள பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க.

"எந்தத் தண்ணிய்யா ஊத்துன?"

அந்த ஒரு கேள்வியில எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. எங்க கரையில அஞ்சு வயசுப் புள்ளைக்கும் தெரிஞ்ச சங்கதி. போர்த் தண்ணி குளிக்க, துவைக்க, பாத்திரம் விளக்க. குடிக்க, உலை வைக்க, டீ போட நல்ல தண்ணி. குழாயில காவிரித் தண்ணி வர்ற நாள்ல குடம் குடமாப் பிடிச்சு வைப்போம், வராத நாள்ல காசு குடுத்து வாங்குவோம். உப்புத் தண்ணியில டீ போட்டா பால் திரிஞ்சிடும். டீக்கடைக்காரர் டீத்தூளைக் கூட கணக்கு இல்லாம போடுவாரு, நல்ல தண்ணியை அளந்துதான் ஊத்துவாரு. நான் அந்த உப்புத் தண்ணியை எடுத்து, முக்கா மணி நேரம் கொதிக்க வச்சு, பாதியா வத்த வச்சு, உப்பை ரெட்டிப்பாக்கி, அதைப் பால்ல ஊத்தியிருக்கேன். உப்பளத்துல கூட இவ்வளவு சிரத்தையா காய்ச்ச மாட்டாங்க.

இருபது வருஷமா தண்ணி மேல பிழைக்கிறவன், தண்ணியில தோத்துட்டேன்.

அம்மா வேற ஒண்ணும் பேசல. சட்டியை வாங்கி, மணியை வடிச்சு எடுத்தாங்க. "இது மாட்டுக்கும் கோழிக்கும் போடுற சோளம்யா, முத்துனது. சுட்டுத்தான் திங்கலாம்"னாங்க. மிக்ஸியில கொரகொரன்னு அரைச்சு, அந்தத் திரிஞ்ச பாலையும் பிழிஞ்சு அதுல போட்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில், முண்டு மிளகாய் நாலு கிள்ளிப் போட்டு அடை மாவாக்கி வச்சுட்டாங்க. 2023ல புவிசார் குறியீடு வாங்கின மிளகாய்ங்க அது, எங்க ஜில்லாவுக்குக் கிடைச்ச பெருமை. உருண்டையா இருக்கும், காரம் மட்டும் நேர்கோட்டுல போகும்.

நான் வண்டியை எடுத்தேன். தோல்வியோட கரை சேர்ற பழக்கம் இல்ல.

இந்தத் தடவை பாலம் தாண்டி, மண்டபம் தாண்டி, உச்சிப்புளி வரைக்கும் போனேன். காய்க்கடை அக்காகிட்ட விஷயத்தைச் சொன்னேன், பாதியை மறைச்சுத்தான். அந்த அக்கா கருதோட தோகையை லேசா விலக்கி, நகத்தால ஒரு மணியைக் கிள்ளிக் காட்டுச்சு. பால் மாதிரி தெறிச்சுது. "இப்படித் தெறிச்சாத்தான் தம்பி இளசு. மாவா வந்தா முத்தல். வாங்கிட்டுப் போய் வச்சுக்கிட்டு இருக்காத, நேரமாக ஆக இனிப்பு செத்துப் போயிரும்"னு சொல்லுச்சு. மகளும் அதையே போன்ல படிச்சா. பறிச்சதுல இருந்தே உள்ள இருக்குற சர்க்கரை மாவுச்சத்தா மாறிக்கிட்டே இருக்குமாம், குளிர்ல வச்சா மெதுவா மாறுமாம். இதை முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு லேசாப் புரிஞ்சிருக்கும். ஐஸ் போடாத மீன். அவ்வளவுதானே?

வீட்டுக்கு வந்தேன். ஜன்னலைச் சாத்தினேன். நல்ல தண்ணிக் குடத்தைப் பக்கத்துல வச்சேன். எங்க வீட்டு அம்மா வாசப்படியில வந்து நின்னா, கைகட்டி, இன்ஸ்பெக்டர் மாதிரி.

கருதை நட்டுக்குத்தலா நிறுத்தி, மேல இருந்து கீழ கத்தியை இறக்கினேன். மணி வரிசை வரிசையா, சீப்புச் சீப்பா விழுந்துச்சு. ஆனா சூட்சுமம் அதுக்கு அப்புறம்தான். வெறுங்கட்டையைத் தூக்கிப் போடக் கூடாது. கத்தியைத் திருப்பி, முதுகுப் பக்கத்தால கட்டையை அழுத்திச் சுரண்டணும். மீனுக்குச் செதில் சீவுற அதே கை. சுரண்டச் சுரண்ட மணியோட அடியில ஒட்டிக்கிட்டு இருந்த சதையும் பாலும் வெள்ளையா வழிஞ்சு வந்துச்சு. நாலு கட்டைக்கு அரை டம்ளர் தேறுச்சு. அந்தப் பால்லயே மாவு இருக்கு, சூடு பட்டதும் அதுவே கெட்டியாகுது. இது மட்டும் முதல்லயே தெரிஞ்சிருந்தா மைதா பாக்கெட்டைப் பிரிச்சிருக்கவே வேண்டாம், மாமனாரும் சுத்தமா இருந்திருப்பார்.

வெண்ணெய், சோளம், ரெண்டு கரண்டி நல்ல தண்ணி, மூடி போட்டு அஞ்சு நிமிஷம். மூடியைத் திறந்து சோளப்பால், பசும்பால், க்ரீம். தீயைக் குறைச்சு நாலு நிமிஷம் கிண்டல். ஒரு கை மணியை மட்டும் கரண்டி அடியால சட்டி ஓரத்துலயே நசுக்கி விட்டேன். உப்பு, சீனி, மிளகு. கரண்டியைத் தூக்குனா பின்பக்கத்துல படிஞ்சு நின்னுச்சு, விரலால கோடு போட்டா கோடு மூடல.

மணியைப் பாத்தேன். பதினோரு நிமிஷம். முந்தின மூணரை மணி நேரத்தைக் கணக்குல சேக்க வேண்டாம்னு மககிட்ட கேட்டுக்கிட்டேன்.

சாப்பாட்டுக்கு கருவாட்டுக் குழம்பு. தடைக்காலத்துல நாட்டுப் படகு மீன் வரத்தான் செய்யுது, விலை கேட்டா மீன் நம்மளைப் பாத்துச் சிரிக்கும். அந்தக் குழம்புக்குப் பக்கத்துல வெள்ளையா, பளபளன்னு என்னோட சோளம். நாலு கருது சுண்டிப் போய் ஒரு சின்னக் கிண்ணம்தான் இருந்துச்சு. ஆளுக்கு ரெண்டு கரண்டி. மக கண்ணை மூடிக்கிட்டு, "அதேதான்பா"ன்னா. அம்மா அதைக் கருவாட்டுக் குழம்புல போட்டுப் பிசைஞ்சு சாப்பிட்டாங்க. நானும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே ஒரு வாய் வாங்கினேன். வெளிய சொல்லாதீங்க, அமிர்தமா இருந்துச்சு.

ஆனா அன்னைக்கு வீட்டுல அடிதடி நடந்தது சோளத்துக்கு இல்ல, அடைக்கு. அந்தத் திரிஞ்ச பாலும் ஈயமணியும் சேந்து, ஓரம் முறுகலா, உள்ள மெத்துன்னு, நடுநடுவுல மிளகாய் கடிபட்டு... பன்னெண்டு அடை, நின்ன நிலையில காலி. எனக்கு ஒண்ணுதான் கிடைச்சுது, அதுவும் கருகுனது.

எங்க வீட்டு அம்மா சத்தமாவே கணக்குப் போட்டா. கருது ரெண்டு தடவை, வெண்ணெய், க்ரீம், பெட்ரோல், கேஸ். "தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் குடுக்குறது குடும்பம் நடத்த. சோளத்துக்கு இல்ல"ன்னா. சொல்லிட்டு சட்டி ஓரத்துல ஒட்டுனதை விரலால வழிச்சதை நான் பாத்துட்டேன். பாக்காத மாதிரி இருந்துட்டேன். குடும்பம் நடத்தத்தானே.

மறுநாள் காலையில படகுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனா, மக எடுத்த போட்டோ எனக்கு முன்னாடி தெற்குவாடி போய்ச் சேந்திருக்கு. பக்கத்துப் படகு டிரைவர், முறைக்கு மச்சான், ஏணி மேல நின்னுக்கிட்டே, பிடிச்ச மீனை 'மீன்பாடு எப்படி'ன்னு விசாரிக்கிற தோரணையில கத்துறான். "என்ன மச்சான், தடைக்காலத்துல தனியாத் தொழிலுக்குப் போயிருக்க? சோளப்பாடு எப்படி? கிலோ என்ன விலைக்குப் போச்சு?" அம்பது பேரு சிரிச்சான். டீக்கடைக்குப் போனா, டீ மாஸ்டர் எனக்கு மட்டும் குடத்தைக் காட்டி, "நல்ல தண்ணிதாண்ணே"ன்னு சொல்லிட்டுப் போட்டாரு. பொழுதுக்கும் இதேதான். அம்பது வயசு ஆளுங்க கூட என்னைப் பாத்தா மீசையைத் தட்டிவிட்டுக் காட்டுறாங்க.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால்ல இருந்த பெயிண்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். மச்சானோட சின்ன மகன் வந்து நின்னான். ஒரு கையில பை, உள்ள ஆறு கருது. நகத்தால கிள்ளிப் பாத்த தடம் ஒவ்வொண்ணுலயும் இருந்துச்சு. இன்னொரு கையால, தூக்க முடியாமத் தூக்கிக்கிட்டு, ஒரு குடம் நல்ல தண்ணி.

"மாமா, பத்து நிமிஷத்துல ஆயிரும்ல? அப்பா இங்கேயே நின்னு வாங்கிட்டு வரச் சொன்னாரு."