எந்தப் பல்லில் கூச்சம்?

தர்மபுரியில் மாங்காய் வரத்து தொடங்கினால் எனக்கு வேலை கூடும். பேருந்து நிலையத்துப் பக்கம் கிளிமூக்கு மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்பார்கள். நாலு கீற்றுத் தின்றுவிட்டு, மறுநாள் காலையில் வாய் கொப்பளிக்க முடியாமல் வருகிறவர்கள் தினமும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "கூச்சம் மேடம்" என்பார்கள். நான் பல் மருத்துவர். அந்த ஒரு சொல் போதும், மிச்சத்தை நானே எழுதிக்கொள்வேன். 2022 மே மாதம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வந்த பெண்ணுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதிருக்கும். பென்னாகரம் பக்கத்து ஊர். கூட அவள் அம்மா. நாற்காலியில் சாய்ந்ததும் மேலே இருக்கும் விளக்கைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா பண்ணுது?"

"கூச்சமா இருக்கு மேடம்."

கேஸ் ஷீட்டில் 'சென்சிட்டிவிட்டி' என்று எழுதிவிட்டேன். மேல் பல்லா, கீழ்ப் பல்லா? மேல் பல்லுதான், முன்னாடி. குளிர்ச்சிக்கா, புளிப்புக்கா? அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று காற்றடிக்கும் குழாயை எடுத்தேன். ஒவ்வொரு பல்லிலும் காற்றை அடித்துப் பார்ப்போம். எந்தப் பல்லுக்கு ஆள் துள்ளுகிறாரோ அந்தப் பல்தான். "ஆ காட்டும்மா" என்றேன். பாதி திறந்தாள், உடனே கை வந்து வாயை மூடியது. வலிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, "ஊசியெல்லாம் இல்லம்மா, வெறும் காத்துதான்" என்றேன். மறுபடி திறந்தாள், மறுபடி கை வந்தது. மூன்றாம் முறை எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்ததையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

எங்கள் கிளினிக்கில் கருவிகளைக் கழுவி எடுத்துக்கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார், இந்த ஊர்க்காரர். அதுவரை பேசாமல் நின்றவர், என் காதருகே குனிந்து, "மேடம், அது பல்லுக் கூச்சம் இல்லீங்க. பல்லக் காட்டக் கூச்சம்" என்றார்.

கையில் காற்றுக் குழாயோடு அப்படியே நின்றேன். எனக்கு வந்ததும் கூச்சம்தான்.

அப்புறம்தான் அந்த வாயை ஒழுங்காகப் பார்த்தேன். மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் சுண்ணாம்பு வெள்ளையாகத் திட்டுகள், அவற்றுக்குக் குறுக்கே டீக்கறை நிறத்தில் பட்டை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேலை செய்த எந்தப் பல் மருத்துவரும் இதைத் தூக்கத்தில்கூட அடையாளம் காட்டுவார். புளோரோசிஸ். ஊரில் காவிப்பல் என்பார்கள்.

நான் கும்பகோணத்துப் பக்கம். ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த வாய்களைப் பார்த்துவிட்டு 2011-ல் இங்கே வந்தபோது, முதல் பள்ளி முகாமிலேயே திகைத்துப்போனேன். ஒரு வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் காவி. வெற்றிலையா, புகையிலையா என்று அவசரப்பட்டு ஒரு வாத்தியாரிடம் கேட்டும்விட்டேன். அவர் சிரித்தார். சிரித்தபோது அவர் பல்லும் அதே நிறம். "தண்ணிங்க மேடம்" என்றார்.

தண்ணீர்தான். இங்கே தரைக்கடியில் இருப்பது கருங்கல் பாறை. அந்தப் பாறைக் கனிமங்களில் இருக்கும் ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிறைய. கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்றினால் அளவு கூடத்தான் செய்யும். முன்பற்களின் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலுறை, பிறந்த சில மாதங்களிலிருந்து நான்கைந்து வயது வரைக்கும் தாடைக்குள்ளேயே உருவாகிறது. அந்த வயதில் குடித்த தண்ணீர், ஆறேழு வயதில் பல் முளைக்கும்போது வெளியே தெரியும். முதலில் வெள்ளைத் திட்டு, போகப்போகக் காவி. அதற்கப்புறம் எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் அந்தப் பல் மாறாது.

நான் திகைத்ததில் புதுமை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901-ல் வேலை பார்க்க வந்த ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவரும் இப்படித்தான் திகைத்தார். ஊர்ப் பிள்ளைகளின் பல்லெல்லாம் பழுப்பு. காரணம் ஊர்க்காரர்களுக்கும் தெரியவில்லை, புத்தகத்திலும் இல்லை. தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் என்று 1931-ல் தெரிய முப்பது வருடம் ஆயிற்று. எனக்கு ஒரு வாத்தியார் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். மெக்கே கவனித்த இன்னொன்று, அந்தப் பழுப்புப் பற்களில் சொத்தை குறைவு. இதை நான் பலமுறை நோயாளிகளுக்கு ஆறுதலாகச் சொல்லியிருக்கிறேன். யாரும் ஆறுதல் அடைந்ததில்லை.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அவள் ஒரு நகைக்கடையில் விற்பனைப் பிரிவில் சேர்ந்தது 2020 கடைசியில். அப்போது எல்லோருக்கும் முகக்கவசம். கண்ணும் கையும் போதும், வளையலை எடுத்துக் காட்டினாள், நன்றாகப் பேசினாள், நல்ல பெயர் வாங்கினாள். 2022-ல் முகக்கவசம் எல்லார் முகத்திலிருந்தும் இறங்கியது. ஒரு வாரத்தில் மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு, "வாடிக்கையாளர் வந்தா சிரிச்சு வரவேற்கணும், நீ ஏன் உம்முனு நிக்கிறே?" என்றாராம். சிரித்துக் காட்டினாளாம். அடுத்த நாள் உள்ளே எடை போடும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் மேடம் தாங்கல என்றாள் அம்மா. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

முகக்கவசம் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் அக்காவுக்கும் காவிப்பல். பத்து வருடமாக அவர் சிரித்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும், அல்லது உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூக்கால் சிரிப்பார். அவர் சிரிப்புச் சத்தம் எப்படி இருக்கும் என்று 2020-ல் முகக்கவசம் போட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். நல்ல கணீரென்ற சிரிப்பு, வரவேற்பறை வரைக்கும் கேட்கும்.

அன்று இரவு அந்த கேஸ் ஷீட்டை எடுத்து, 'சென்சிட்டிவிட்டி'யை அடித்துவிட்டு 'கூச்சம்' என்று எழுதினேன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கிளினிக்குள் விடும்போது முதலில் சொல்லித்தருவதே இதுதான்: நோயாளி சொன்ன குறையை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது, உன் பாஷைக்கு மாற்றாதே. பரீட்சையில் இதற்கு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வேலைக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

கூசு என்ற வினையிலிருந்து வந்த பெயர் கூச்சம். பேசு பேச்சு ஆவதுபோல, ஏசு ஏச்சு ஆவதுபோல, கூசு கூச்சு ஆகும். மயிர்க்கூச்சு என்பதில் அந்த வடிவம் அப்படியே இருக்கிறது. இந்த வினைக்கு எத்தனை உறுப்பு என்று யோசித்தால் வியப்பாக இருக்கும். வெயிலுக்குக் கண் கூசும். புளிக்குப் பல் கூசும். கிச்சுக்கிச்சு மூட்டினால் இடுப்பு கூசும், தொட்டால் உள்ளங்கால் கூசும். பொய் சொல்ல வாய் கூசும், கெட்ட பேச்சுக்குக் காது கூசும். நாலு பேர் முன்னால் நிற்க உடம்பே கூசும். இதில் எது உடம்பு, எது மனசு என்று தமிழ் கோடு கிழிக்கவில்லை. தாங்க முடியாத ஒன்று மேலே பட்டால் உள்ளே இழுத்துக்கொள்வது, அவ்வளவுதான் இதன் பொருள். வெளிச்சம் பட்டாலும் பார்வை பட்டாலும் ஒன்றுதான்.

கன்னடம் பேசும் நோயாளிகள் வந்தால் இந்தக் குழப்பமே இல்லை. ஓசூர், அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பல் 'ஜும்' என்கும்; மனதுக்கு வருவது 'நாச்சிகெ' அல்லது 'சங்கோச்ச'. நாச்சிகெயும் நம்முடைய நாணமும் ஒரே வேர். தொட்டாற்சிணுங்கியைக் கன்னடத்தில் நாச்சிகெ முள்ளு என்பார்கள், தொட்டதும் சுருங்குகிறதே. சங்கோசம் என்ற வடசொல்லுக்கும் சுருங்குதல் என்றுதான் பொருள். அதைத்தான் நாம் சங்கோஜம் ஆக்கிவைத்திருக்கிறோம். சங்கடம் என்றால் வடமொழியில் நெருக்கடியான குறுகல் வழி, கணவாய். தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரிக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆக எல்லாச் சொல்லும் ஆளைச் சின்னதாக்குகிறது. கூனிக்குறுகி என்று நாம் சும்மா சொல்லவில்லை.

வெட்கம் என்ற சொல்லை அந்தப் பெண் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன். வெட்கக்கேடு என்றால் யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும். குறளில் நாணுடைமை அதிகாரம் 'கருமத்தால் நாணுதல்' என்றே தொடங்குகிறது. தகாத காரியம் செய்தவர் நாண வேண்டும், மற்றது வேறு வகை என்று வள்ளுவர் பிரித்துவிடுகிறார். இவள் செய்த கருமம் என்ன? மூன்று வயதில் தாகம் எடுத்தபோது வீட்டுக் குடத்துத் தண்ணீரைக் குடித்தாள். இதற்கு நாணம் பொருந்தாது, வெட்கமும் பொருந்தாது. கூச்சம்தான் சரி. வெளிச்சத்துக்குக் கண் கூசுவதில் கண்ணின் தப்பு என்ன இருக்கிறது?

பல் விஷயத்தில் நம் பாஷையும் கொஞ்சம் இரக்கமில்லாததுதான். முத்துப்பல், முல்லைப்பல் என்று உவமையெல்லாம் வெள்ளை. பல்லைக் காட்டாதே, பல் இளிக்கிறான், சாயம் போய்ப் பல்லிளிக்குது என்று ஏச்சிலும் பல்தான்.

மறுநாள் அவளை மறுபடி வரச்சொல்லி, இந்த முறை கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. இரண்டு கோரைப்பற்களிலும் ஈறை ஒட்டிய இடம் தேய்ந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் டென்டின் வெளியே தெரிந்தது. "எதுல பல் விளக்குறே?" என்றேன். பேஸ்ட்தான் என்றாள். அம்மா விடவில்லை. "உண்மையச் சொல்லு." சாம்பலும் உப்பும் சேர்த்துத் தினமும் இரண்டு வேளை, பள்ளிக்கூடக் காலத்தில் செங்கல்பொடி, யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சைத் தோல். காவி போகுமென்று ஏழெட்டு வருடமாகத் தேய்த்திருக்கிறாள். காவி மேலே ஒட்டிய அழுக்கில்லை, எனாமலுக்குள்ளேயே இருப்பது. அது போகவில்லை, எனாமல் போனது.

டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுக்குள் திரவம். மேலே மூடியிருக்கும் எனாமலோ ஈறோ விலகினால், குளிர்ச்சியோ காற்றோ பட்டதும் அந்தத் திரவம் நகர்ந்து நரம்பைத் தட்டுகிறது. அதைத்தான் பல் கூச்சம் என்கிறோம். அவளுடைய கோரைப்பல்லில் காற்றை அடித்தேன். துள்ளினாள்.

ஆக நான் முதல் நாள் எழுதியது முழுத் தப்பும் இல்லை, அக்கா சொன்னது மட்டுமே சரியும் இல்லை. மனசின் கூச்சம் தேய்த்துத் தேய்த்துப் பல்லின் கூச்சமாக ஆகியிருந்தது. இதற்கப்புறம் தேய்மானத்தோடு யார் வந்தாலும், என்ன பேஸ்ட் என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஊர் என்று கேட்கிறேன். பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் என்று பதில் வந்தால், அடுத்த கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறேன்.

வைத்தியம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மேற்பரப்பை மெல்லிசாகத் தேய்த்து எடுத்துவிட்டு, பல் நிறத்தில் காம்போசிட் என்ற பிசினைப் பூசி, நீல விளக்குக் காட்டி இறுக்குவது. அவளுக்கு நான்கு பல், இரண்டு நாள் வேலை. கோரைப்பற்களின் தேய்மானத்தையும் அடைத்தேன். சாம்பலை நிறுத்தச் சொன்னேன். சில வருடங்களில் பூச்சு பெயரலாம், நிறம் மங்கலாம் என்பதையும் சொன்னேன். அம்மா செலவை இரண்டு தவணையாகக் கொடுத்தார்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள், 2013-ல் தண்ணீர் வந்தது. இந்தக் காவியை மனதில் வைத்தே போட்ட திட்டம் அது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது முன்பல் முளைத்திருக்கிறது. நான் போகும் முகாம்களில் வெள்ளைப் பற்கள் கூடியிருக்கின்றன என்று கண்ணுக்குப் படுகிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைப் பிடிக்கும் வீடுகளும் இருக்கின்றன, அந்தப் பிள்ளைகளின் வாயும் தனியாகத் தெரிகிறது. ஆனால் இவள் பிறந்தது அதற்கெல்லாம் பல வருடம் முன்னால்.

மூன்று வாரம் கழித்துச் சரிபார்க்க வந்தாள். தனியாக வந்திருந்தாள். திரும்பவும் முன்பக்கம் வளையல் பகுதிக்கே போட்டிருக்கிறார்களாம். சொல்லும்போது கை தானாக எழுந்து வாய்ப்பக்கம் போனது, பாதியில் நினைவு வந்து காதோரம் முடியை ஒதுக்குவதுபோல ஒதுக்கிக்கொண்டாள்.

கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டேன். "கூச்சம் எப்படிம்மா இருக்கு?"

"எதைக் கேக்குறீங்க மேடம்?" என்றாள்.

எனக்குப் பின்னால் அக்கா முகக்கவசத்துக்குள் சிரித்தது வரவேற்பறை வரைக்கும் கேட்டிருக்கும்.