பதினெட்டு மாத்திரைக் கணக்கு

குடியை நிறுத்தும் மருந்து ஆய்வு ஒன்றில் சேர்ந்திருந்தேன் என்று சொன்னால், "உன்னை எலி மாதிரி வச்சுப் பாத்தாங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் மைத்துனர் கேட்டார், சரி. படித்த முதலாளி அண்ணாச்சியும் அதையேதான் கேட்டார். ஆளாளுக்குப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவன் நான். இருபத்திரண்டு வருஷமாக வேலை பெரும்பாலும் காலண்டர்தான். ஆடிப்பெருக்கு அன்று புது ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்தால் மார்கழி வரைக்கும் மிஷின் நிற்காது. நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். முருகன் உதட்டுச் சிவப்பு ஒரு நூல் விலகினாலும் தாள் குப்பைக்குப் போகும். அதைத் திருகிச் சரிசெய்ய வேண்டிய கை, மதியம் 12 மணிக்கு டாஸ்மாக் திறந்து ஒரு கட்டிங் உள்ளே போகும்வரை நிற்காது. அந்த நிலைமையில் இருந்தேன்.

கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டேன். கன்னிசாமி. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தால் குடி தானாகப் போய்விடும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை, எனக்கும் இருந்தது. முந்தின ராத்திரி வரை குடித்துவிட்டு மறுநாள் காலையில் ஒரே வெட்டாக நிறுத்தினேன். மூன்றாம் நாள் ராத்திரி சுவர் முழுக்க எறும்பு ஏறியது. போர்வையை உதறுகிறேன், உதறுகிறேன், போகவே இல்லை. மகளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் செத்துப்போன என் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம். சட்டை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு வேர்வை. குருசாமி வந்து பார்த்துவிட்டு ஏதோ சாமி குத்தம் என்றார். எதிர்வீட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் தங்கச்சிதான், "மதினி, இது குடியை டக்குன்னு நிறுத்துனதுல வர்றது. உயிருக்கே ஆபத்து, இப்பவே கெளம்புங்க" என்று வேன் பிடித்துக் கொடுத்தது. வேனில் மாலையைக் கழற்றி என் மனைவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தேன். தயமின் என்ற வைட்டமின் ஊசி, நடுக்கத்துக்கு மாத்திரை, அளவைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் நிறுத்தினார்கள். தினமும் குடித்த ஆள் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் கண்டம் என்று டாக்டர் சொன்னார். வருஷாவருஷம் கார்த்திகையில் இப்படி வார்டுக்கு வரும் சாமிகள் உண்டாம். மாலை போடுகிற குடிகாரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் மாலை.

வார்டை விட்டு வரும்போதுதான் ஆய்வு பற்றிச் சொன்னார்கள். நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரை. குடித்தால் மூளையில் வருகிற அந்தக் கிளுகிளுப்பை மட்டுப்படுத்தும். அதனால் இன்னொன்று வேண்டும் என்ற தவிப்பு குறையும். புது மருந்தில்லை. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் 70 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வு 1992-இல் வெளிவந்து, 1994-இல் அங்கே குடிநோய்க்கு அனுமதியே கொடுத்துவிட்டார்கள். நம் ஊர் ஆட்களுக்கு, நாம் குடிக்கிற முறைக்கு, எவ்வளவு உதவுகிறது என்பதுதான் இவர்கள் கேள்வி.

மாத்திரை என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி முகம் மாறியது. அதற்குக் காரணம் இருந்தது. அதே வருஷம் பங்குனிப் பொங்கல் சமயம். சாம்பார் சோறு தின்றுவிட்டுப் போய் ஒரு குவார்ட்டர் அடித்தேன். பத்து நிமிஷத்தில் முகம் தீயாகச் சிவந்து, நெஞ்சு படபடவென்று அடித்து, தெருவில் வாந்தி எடுத்து விழுந்தேன். 'அவருக்குத் தெரியாமலே கலந்து கொடுக்கலாம்' என்று விளம்பரம் பார்த்து அவள் ஏதோ பொடி வாங்கிக் கலந்திருக்கிறாள். அது டைசல்ஃபிராம் மாதிரி, மேலே குடித்தால் உடம்பைப் புரட்டிப் போடுகிற ஏதோ ஒன்றாக இருக்கும் என்றார் டாக்டர். அதைத் தெரிந்து சாப்பிட்டால் மருந்து. தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் ஆளே போகலாம். மனைவி அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வேறு என்னதான் செய்வாள்? ஆனால் அதற்கப்புறம் எட்டு மாதம் வீட்டுச் சோற்றை மோந்து பார்த்துத்தான் தின்றேன்.

அதனால் ஒப்புதல் படிவத்தை அவர்கள் எடுத்து வைத்தபோது எனக்கு அது விநோதமாக இருந்தது. கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு கருவியில் ஊதச் சொன்னார்கள். குடித்திருக்கும் ஆள் கொடுக்கிற சம்மதம் அவர்களிடம் செல்லாது. அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு பக்கமாக வாசித்துக் காட்டினார்கள். அந்தத் தமிழ் இருக்கிறதே! 'பங்கேற்பாளர் சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவார்' என்றால் யாருக்குப் புரியும்? பஞ்சாங்கத் தமிழையே பிழை திருத்துகிறவன் நான், எனக்கே இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. ஆய்வுப் பணியில் இருந்த அந்தப் பெண், நம் மகள் வயசுதான் இருக்கும், "அண்ணே, சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி. உங்களுக்கு நெஜ மாத்திரை வருமா, மருந்தில்லாத மாத்திரை வருமான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது" என்றது. ஒரு வரியில் முடிந்தது.

மனைவி விடவில்லை. "சும்மா மாத்திரை இவருக்கு விழுந்து, இவரு பழையபடி குடிச்சு ஏதாச்சும் ஆச்சுன்னா?" நல்ல கேள்வி, டாக்டரே சொன்னார். எந்த மாத்திரை விழுந்தாலும் ஆலோசனையும் பரிசோதனையும் எல்லோருக்கும் உண்டு. நிலைமை மோசமானால் ஆய்வை நிறுத்திவிட்டு வழக்கமான சிகிச்சை. பிடிக்கவில்லையென்றால் எந்த நிமிஷமும் காரணம் சொல்லாமல் விலகலாம். ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் அவர்கள் பொறுப்பு. 2019-ஆம் வருஷ மருந்து ஆய்வு விதிகளிலேயே அது இருக்கிறது. படிவத்தில் சிடிஆர்ஐ, அதாவது இந்தியாவில் நடக்கிற ஆய்வுகளைப் பதிந்து வைக்கிற பதிவேட்டின் எண் இருந்தது. மகள் அங்கேயே போனில் தட்டிப் பார்த்தாள், விவரமெல்லாம் வந்தது. இந்தப் பதிவேடு 2007-இல் ஆரம்பித்து 2009-இலிருந்து மருந்து ஆய்வுகளுக்குக் கட்டாயமானது. யாராவது உங்களை ஆய்வில் சேரச் சொன்னால் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். முழிக்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

கையெழுத்துப் போட்டதும் மாத்திரை கிடைத்துவிடவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு இருக்க வேண்டியதற்கு மூன்று மடங்குக்கு மேல் போயிருந்தது. "இப்ப சேர்க்க முடியாது" என்றார்கள். திருமங்கலம் தாண்டும்வரை பஸ்ஸில் மனைவியிடம் நான் பேசவில்லை. குடிகாரர்கள் ஆய்வுக்குக்கூட லாயக்கில்லாதவன் என்று ஒரு நினைப்பு. இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது இறங்கியிருந்தது, சேர்த்துக்கொண்டார்கள். குடிக்காமல் இருந்தால் ஈரல் அவ்வளவு சீக்கிரம் கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

சேர்ந்த அன்று நடந்ததுதான் எனக்கு மறக்காது. குடி எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்கப் பத்துக் கேள்வி கேட்டு மார்க் போட்டார்கள், நாற்பதுக்கு 31. (வாழ்க்கையில் வாங்கிய நல்ல மார்க்.) அப்புறம் அந்தப் பெண் என் முன்னால் நாலு தாளை விரித்தது. மாதக் காலண்டர், ஜெராக்ஸ் எடுத்தது. ராகுகாலம், எமகண்டம், பிறை எல்லாம் இருந்தது. எந்த பிரஸ் என்று பார்க்க என் கண் தானாகக் கீழே போனது. ஜெராக்ஸில் அந்த வரி வெட்டுப்பட்டிருந்தது.

"போன தொண்ணூறு நாள்ல ஒவ்வொரு நாளும் எவ்வளவு குடிச்சீங்கன்னு இதுல எழுதணும்ணே."

"அதெப்படிம்மா ஞாபகம் இருக்கும்?"

"இருக்கும். மொதல்ல தீபாவளியைக் குறிப்போம்."

தீபாவளியைக் குறித்தோம். சனிக்கிழமைகளைச் சுழித்தோம், வாரச் சம்பளம். மாமனார் திதி, பக்கத்துத் தெருக் கல்யாணம், மிஷின் ரோலர் மாற்றிய நாள். ஒன்றைப் பிடித்தால் பக்கத்து நாள் தானாக வந்து நின்றது. அக்டோபர் 2-க்கு வந்ததும் அது, "அன்னிக்கு கடை லீவு, பூஜ்யம் போட்டுரவா?" என்றது. நான் சிரித்துவிட்டேன். கடை மூடும் நாள் ஒரு குடிகாரனுக்குத் தெரிகிற மாதிரி கலெக்டருக்குக்கூடத் தெரியாது. முதல் நாளே நாலு குவார்ட்டர் வாங்கி, அதில் மூன்றை அன்று ராத்திரியே காலி செய்து, மீதி ஒன்றை காந்தி ஜெயந்திக்கு மிச்சம் வைத்தேன். ஒரு குவார்ட்டர் என்றால் 180 மில்லி, அவர்கள் கணக்கில் ஆறு அளவு. அக்டோபர் 1-க்குக் கட்டத்தில் 18 என்று எழுதியது. திட்டவில்லை, உச்சுக் கொட்டவில்லை, ரயில்வே கிளார்க் மாதிரி எழுதியது.

முடிந்ததும் நானே கூட்டிப் பார்த்தேன். மாலை போடுவதற்கு முந்தின அறுபது நாளில் 96 குவார்ட்டர். விலையால் பெருக்க மனசு வரவில்லை. இத்தனை வருஷமாக எத்தனையோ லட்சம் காலண்டர் தாள் என் மிஷினில் ஓடியிருக்கிறது, என்னுடைய நாட்களை ஒரு தாளில் வைத்து அதுவரை பார்த்ததே இல்லை.

மற்றபடி 12 வாரமும் பெரிய கதையில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மதுரை, பஸ் காசு கொடுத்துவிடுவார்கள். ஊது, ரத்தம் கொடு, காலண்டர் நிரப்பு, டாக்டரிடம் கால் மணி நேரம் பேசு. முதல் வாரம் குமட்டல் இருந்தது. நெஜ மாத்திரைக்குக் குமட்டல் வரும் என்று படிவத்தில் போட்டிருந்ததால் உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம்.

தை மாதம் பெரியப்பா காலமானார். துக்க வீட்டுக்குப் போனால் நம் பக்கம் தெரியும்தானே, காடு போய்த் திரும்பியதும் பாட்டில் நிற்கும். குடித்தேன். மறுநாள் மாத்திரையைக் கையில் எடுத்தபோது பங்குனிப் பொங்கல் ஞாபகம் வந்துவிட்டது. இந்த மாத்திரை அந்த மாதிரி செய்யாது என்று பத்துத் தடவை சொல்லியிருந்தார்கள். ஆனாலும் பயம். மாத்திரையை நிறுத்தினேன், குடி தொடர்ந்தது, நாலு நாள்.

அவர்கள் 14 நாளைக்கு 18 மாத்திரை கொடுப்பார்கள். பஸ் தவறினால், மழை பெய்தால் என்று நாலு கூடுதல். டப்பாவைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும், எண்ணுவார்கள். நான் ஐந்துதான் சாப்பிட்டிருந்தேன். நாலை வைத்துவிட்டு ஒன்பதை எறிந்திருந்தால் கணக்கு சரியாக வந்திருக்கும். பதற்றத்தில் பதிமூன்றையும் சாக்கடையில் கொட்டிவிட்டேன். அந்தப் பெண் டப்பாவைத் திறந்து தட்டில் கவிழ்த்தது. ஒன்றும் விழவில்லை. முகம் வெளுத்துவிட்டது அதற்கு.

"அண்ணே, ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல போட்டீங்களா? தலை சுத்துதா? இருங்க, டாக்டரைக் கூப்பிடுறேன்."

நான் ஏமாற்றிவிட்டேன் என்று அதற்குத் தோன்றவே இல்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுதான் பயந்தது. அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, "நான் நின்னுக்கிறேம்மா, உங்க ஆய்வைக் கெடுத்துட்டேன்" என்று எழுந்தேன்.

"நின்னுக்கலாம், அது உங்க இஷ்டம். ஆனா குடிச்சவங்க எல்லாம் போயிட்டு குடிக்காதவங்க மட்டும் மிச்சம் இருந்தா, மருந்து பிரமாதம்னு பொய்க்கணக்கு வந்துரும்ணே. குடிச்ச நாளும் எங்களுக்கு வேணும்."

இதற்கு முன்னால் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருந்திருக்கிறேன். குடித்துவிட்டு வந்தான் என்று என்னை கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். இங்கே குடித்த நாளும் வேண்டும் என்கிறார்கள். தாளில் அந்த நாலு நாளையும் எழுதினோம். தவறவிட்ட மாத்திரை ஒன்பது, கொட்டியது பதிமூன்று என்று நான் சொல்லச் சொல்ல அது எழுதியது. புது டப்பா கொடுத்தார்கள்.

பன்னிரண்டாம் வாரம் ஒரு கேள்வி: "உங்களுக்கு வந்தது மருந்தா, வெறும் மாத்திரையா, எதுன்னு நினைக்கிறீங்க?" மருந்துதான் என்றேன். டாக்டர் சிரித்தார். 2006-இல் வெளிவந்த கம்பைன் என்ற பெரிய அமெரிக்க ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1,383 பேர். அதில் மாத்திரையே இல்லாமல் தீவிர ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட, வெற்று மாத்திரை வாங்கிக்கொண்டு ஒழுங்காக டாக்டரைப் பார்த்து வந்தவர்கள் அந்தச் சிகிச்சைக் காலத்தில் அதிக நாள் குடிக்காமல் இருந்தார்களாம். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உன் நாட்களை ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதுகிறார் என்றால் அதுவே ஒரு மருந்து மாதிரித்தான் எனக்கு இருந்தது. வெறும் மாத்திரை வந்திருந்தாலும் நான் கோபப்பட மாட்டேன். (குமட்டல் மட்டும் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பேன்.)

கோவாவில் நடந்த ஒன்றையும் அவர் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, குடி முற்றுவதற்கு முன்னாலேயே பேசிப் பார்த்திருக்கிறார்கள், 2017-இல் முடிவு வந்திருக்கிறது. அந்தப் பத்துக் கேள்வியில் 12 முதல் 19 மார்க் வரை வாங்கியவர்களிடம். நான் 15 மார்க்கில் இருந்த காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சனிக்கிழமை மட்டும், அதுவும் மிஷின் துடைத்துவிட்டு. அப்போது யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேனோ.

எனக்கு விழுந்தது எது என்று இன்னும் சொல்லவில்லை. கடைசி ஆள் முடிக்கும்வரை, யாருக்கு எது என்று எழுதி வைத்த உறையைப் பிரிக்க மாட்டார்களாம். ஆறு மாதம் கழித்து ஆவணியில் மறுபடி கூப்பிட்டார்கள். இடையில் குடித்தது இரண்டு நாள், ஒன்று அண்ணன் மகள் சடங்கு, இன்னொன்றுக்குக் காரணமே கிடையாது. தை மாதம் போனபோது அந்த அறைக்கென்று எங்கள் பிரஸ் மாதக் காலண்டர் ஒன்று கொடுத்திருந்தேன். இந்தத் தடவை அந்தப் பெண் விரித்த ஜெராக்ஸில் கீழ்வரி வெட்டுப்படவில்லை, பிரஸ் பெயர் தெரிந்தது. சுவரில் தொங்கிய அசலைப் பார்த்தேன். முருகன் வேலுக்குப் பக்கத்தில் பச்சை ஒரு நூல் விலகியிருக்கிறது. நான் ஓட்டியதுதான், போன ஐப்பசியில்.