அம்பியர் எண்ணித் திறக்கும் வால்வு

முல்லைத்தீவின் விசுவமடு, முள்ளியவளைப் பக்கத் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய்க்கு வைக்கிற வால்வு திறந்து மூடினால் மட்டும் போதுமென்றால், பற்றரியில் ஓடும் லாச்சிங் சொலினோயிட் (ஒரு மின்துடிப்பில் நிலைமாறி அப்படியே நிற்கும் மின்காந்த வால்வு) ஒன்றை வாங்கிப் பூட்டிவிடலாம். மலிவு, வில்லங்கமும் இல்லை. வால்வு பாதியில் நின்று தண்ணீரை அளந்து விடவேண்டிய இடத்தில்தான் மின்னிரசாயன வாயுப் பம்பிக்கு வேலை வருகிறது.

அந்தப் பம்பியில் ஐதரசன் நிரப்பிய இரண்டு அறைகள். நடுவே புரோத்தன் கடக்கும் மென்சவ்வு, அதன் இரு முகத்திலும் பிளாட்டினம் ஏற்றிய காபன் துணி. மின்னோட்டம் கொடுத்தால் சேமிப்பறையின் ஐதரசன் புரோத்தனாகிச் சவ்வைக் கடந்து, மறுபக்கத்தில் திரும்ப ஐதரசனாகும். அங்கே ஏறும் அமுக்கம் டயபிரம் என்ற நெகிழும் தகட்டைத் தள்ள, ஸ்பிறிங்கை மீறி வால்வுத் தண்டு எழும்பும். வயரை மாற்றிக் கொடுத்தால் வாயு வந்த வழியே போகும்.

கணக்கு நேரானது. 35 பாகையில், 1 பார் அமுக்கத்தில், 1 அம்பியர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 மில்லிலீற்றர் ஐதரசனைக் கடத்தும். 40 சதுர சென்ரிமீற்றர் டயபிரம், 10 மில்லிமீற்றர் தண்டு நகர்வு, டயபிரம் அசையுமுன்னே அறையில் இருக்கும் 20 மில்லிலீற்றர் இடம், முழுத் திறப்பில் 3 பார் தனியமுக்கம் (வெளிக்காற்றின் 1 பாரும் சேர்த்து) என்று வைத்தால், இரு அறையும் 1.5 பாரில் இருக்கும்போது தொடங்கி ஏற்ற 19 நிமிடம் எடுக்கும். வெளிக்காற்றின் 1 பாரைக் கழித்தால் தள்ளுவிசை 800 நியூற்றன். சேமிப்பறை அரை லீற்றர் இருந்தால் அதன் அமுக்கம் 1.2 பாருக்குக் கீழே இறங்காது, வெளிக்காற்று உள்ளே இழுபடாது. அமுக்க வித்தியாசத்துக்கான மின்னழுத்தம் வெறும் 12 மில்லிவோல்ற்றுதான். மீதி சவ்வின் தடைக்குப் போகிறது. 12 வோல்ற்றைக் குறைத்துக் கொடுக்கும் சேர்க்கிட்டே கலத்தைவிடக் கூடத் தின்னும்!

இந்த மந்தம் பிவிசி குழாய்க்கு நல்லது, தண்ணீர் அடி (சடுதியாக மூடும்போது குழாயில் எழும் அமுக்க அதிர்வு) விழாது. அவசரமாக மூட மட்டும் இரு அறைகளையும் இணைக்கும் சின்ன சொலினோயிட் வால்வு தேவை. மின் போனால் திறக்கும் வகையாக இருக்கவேண்டும்.

ஓடிய அம்பியரையும் நேரத்தையும் எண்ணினால் தண்டின் இடம் தெரிந்துவிடும் என்று நம்பக்கூடாது. காலை 25 பாகையில் இருந்த பெட்டி வெயிலில் 55 ஆனால், அதே வாயுவின் அமுக்கம் பத்து வீதம் கூடும். ஒருவரும் தொடாமலே வால்வு நகரும். பெட்டியை நிழலில் வைத்து வெள்ளை அடிப்பது பாதித் தீர்வு. தண்டில் அதன் நகர்வை அளக்கும் பொட்டென்சியோமீற்றர் பூட்டி, அதைப் பார்த்து மின்னோட்டத்தைத் திருத்துவதே முழுத் தீர்வு. ஐதரசன் சவ்வு வழியாகவும் மெல்லப் பின்வாங்கும். 0.05 மில்லிமீற்றர் சவ்வைவிட 0.18 மில்லிமீற்றர் சவ்வு இதில் மேல், தடை கூடினாலும். இயற்கை றப்பர் டயபிரத்திலும் வாயு கசியும், அது வேண்டாம், பியூட்டைல் றப்பர் போடுங்கள்.

முதல் நிரப்பும்போது நைதரசனால் காற்றைத் துரத்தி, பிறகே ஐதரசன், அதுவும் திறந்த வெளியில். காற்றில் 4 வீதம் இருந்தாலே பற்றும்.

பழுதைச் சொல்வது கலத்தின் மின்னழுத்தம். அதே அம்பியருக்கு நாளுக்கு நாள் ஏறினால் சவ்வு காய்கிறது: புரோத்தன் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால் சேமிப்பறைப் பக்கம் வறண்டுபோகும். இரு பக்கமும் ஈரமான ஃபெல்ற் (felt) துணித் துண்டு வைக்கவேண்டும். மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் வாயு எடுக்கும் பக்கம் ஐதரசன் தீர்ந்துவிட்டது. காபன் அரிபடாமலிருக்க மின்வழங்கியை 0.4 வோல்ற்றில் கட்டுப்படுத்துங்கள். கிணற்றுத் தண்ணீரால் நனைத்தால் கல்சியம் சவ்வில் ஏறி உட்கார்ந்துவிடும், இலகுவில் இறங்காது. கடையில் பற்றரிக்கு விற்கும் வடித்த தண்ணீர் போதும். பற்றரி அசிட் போத்தலும் பக்கத்திலேயே இருக்கும், லேபலைப் பார்த்து எடுங்கள்.