கறுப்பனுக்கு எஃப்.ஐ.வி. என்று தெரிந்த பிறகு

கறுப்பன் எங்கள் வாசலுக்கு வந்தபோது கழுத்தில் ஆழமான கடிக்காயம், சீழ் கட்டியிருந்தது. வளர்ந்த கடுவன் பூனை. கருத்தடைக்கு முன் வைரஸ் பரிசோதனையும் செய்துவிடலாம் என்றார் டாக்டர். சில சொட்டு ரத்தம், பத்து நிமிடம். ரத்தப்புற்று உண்டாக்கும் எஃப்.இ.எல்.வி. இல்லை; பூனையின் நோயெதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் எஃப்.ஐ.வி. இருந்தது.

எச்.ஐ.வி. குடும்பத்து வைரஸ் என்றதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. வீட்டில் ஏற்கெனவே மல்லி என்ற பூனை இருக்கிறாள். டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார்: மனிதருக்குத் தொற்றாது. பூனைக்குப் பூனை பரவுவதும் பெரும்பாலும் ஆழமான கடியால்தான். நக்கிக்கொடுப்பது, ஒரே கிண்ணத்தில் தின்பது என்று எச்சில் வழியே எளிதில் பரவுவது எஃப்.இ.எல்.வி. அதற்குத் தடுப்பூசி உண்டு.

இரண்டு வைரஸுக்கும் ஒரே பரிசோதனைக் கிட் என்றாலும் அது தேடுவது வேறு வேறு. எஃப்.இ.எல்.வி.க்கு வைரஸின் புரதத்தையே தேடுகிறது, எஃப்.ஐ.வி.க்கு அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆன்டிபாடியை. தாய்க்கு எஃப்.ஐ.வி. இருந்தால் அவளுடைய ஆன்டிபாடி பாலோடு குட்டிக்கும் வந்துவிடும். குட்டிக்குத் தொற்றே இல்லாவிட்டாலும் பாசிட்டிவ் காட்டும். ஆறு மாதம் தாண்டியதும் திரும்பப் பார்க்காமல் எந்தக் குட்டியையும் தயவுசெய்து கைவிட்டுவிடாதீர்கள்.

தொற்று புதிதாக இருந்தால் முதல் பரிசோதனையில் தெரியாமலும் போகலாம். அதனால் இரண்டு மாதம் கறுப்பனைத் தனி அறையில் வைத்தோம். அந்த இரண்டு மாதம்தான் கஷ்டம். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் கத்துவான், இந்தப் பக்கம் மல்லி மூக்கை நுழைத்துக்கொண்டு கிடப்பாள். இருவருக்கும் கதவை ஒட்டியே சாப்பாடு வைத்துப் பழக்கினேன். மறுபரிசோதனையில் எஃப்.இ.எல்.வி. இல்லை என்பது உறுதியானது. எஃப்.ஐ.வி.யை வேறொரு கிட்டிலும் பார்த்தார்கள், அதிலும் பாசிட்டிவ். மல்லிக்கு இரண்டுமே இல்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிட்டோம். இதுவரை சண்டையில்லை.

வைரஸுக்கென்று அவனுக்கு மருந்து எதுவும் கொடுப்பதில்லை. வெளியே விடுவதில்லை, பச்சை இறைச்சி கிடையாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. தொல்லை கொடுத்தது வாய்தான். ஒருநாள் கிண்ணத்தருகே போய் முகர்ந்துவிட்டுத் திரும்பினான், எச்சில் வடிந்தது. வாயைத் திறந்தால் ஈறெல்லாம் செக்கச்செவேல். மயக்க மருந்து கொடுத்து மூன்று பற்களை எடுத்தார்கள். ஒரு வாரம் கூழாக்கிய சாப்பாடு கொடுத்தேன். அதிலிருந்து ஞாயிறுதோறும் எடை பார்க்கிறேன். சாப்பாடு குறைவது கண்ணுக்குத் தெரியும் முன்பே எடையில் தெரிந்துவிடுகிறது. இந்த வாரம் 4.6 கிலோ.