கடலோர ஊருக்கு டூர் போறீங்களா, முதல்ல கடலோட டைமைப் பாருங்க

நான் ஹோட்டல் புக் பண்றதுக்கு முன்னாடியே கடல் எப்ப ஏறுது எப்ப வத்துதுன்னுதான் நெட்ல பார்ப்பேன், ஏன்னா பாறை இடுக்குல தேங்கி நிக்கிற தண்ணில நண்டு, நட்சத்திர மீன், கடல் சாமந்தி எல்லாம் பார்க்கணும்னா தண்ணி நல்லா வத்தின நேரத்துல அங்க நிக்கணும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி கடல் இன்னும் உள்ள வாங்கும், அதான் பெஸ்ட். அந்த நேரமும் தினம் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போய்ட்டே இருக்கும், மறந்துடாதீங்க. அப்புறம் தீவுக்கு போட்ல போறதா இருந்தா காலையிலேயே கிளம்பிடுங்க, மதியத்துக்கு மேல பெரும்பாலும் கடல் காத்து ஏறி அலை ஆட்டம் போடும், வாந்தி வர்றவங்களுக்கு ரொம்ப கஷ்டம்ங்க. உச்சி வெயில்ல மியூசியம், சாயங்காலம் கலங்கரை விளக்கம். மேகமா இருந்தாலும் சன்ஸ்கிரீன் போடுங்க ப்ளீஸ், தோல் எரியத்தான் செய்யும்.

பக்கத்துல மலை இருந்தா ஒரு நாளை கண்டிப்பா அதுக்கு ஒதுக்குங்க, 1000 மீட்டர் ஏறினாலே சுமார் 6 டிகிரி குறையும், பீச்சுக்கு போட்ட டிரெஸ்ஸோட போய் குழந்தைங்களை நடுங்க விடாம ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.